படம் நாள் குறிக்குமா?

“ஸ்கேன் என்ன சொல்கிறது?” என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தலைக்குள் கட்டி என்ற ஐயம் எழுந்துவிட்டாலோ, ஸ்கேன் சொல்வது அருள்வாக்காகவே ஆகிவிடுகிறது. பெரிய உறைக்குள் கருநிற ஃபிலிம்கள், கூடவே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு பக்க அறிக்கை. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அது வீட்டார் கைக்கு வந்துவிடுகிறது. குடும்பத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை யாராவது அறிக்கையின் கடைசிப் பத்தியை எழுத்துக்கூட்டி வாசித்து, அதிலுள்ள சொற்களை இணையத்தில் தேடி, அன்றிரவே ‘பதினைந்து மாதம்’ என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்த எண் வீட்டில் குடியேறிவிடும். நிலத்தை விற்பதா, மகளின் திருமணத்தை இந்த ஆவணியிலேயே முடித்துவிடுவதா, நோயாளியிடம் சொல்வதா மறைப்பதா என எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும்.

அந்த எண் படத்தில் இல்லை என்பதுதான் இங்கே நமது வாதம்.

நவீன மருத்துவத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. வேர் தருகிறேன், லேகியம் தருகிறேன், ஸ்கேனே வேண்டாம் என்று கடை விரிப்பவர்கள் இக்கட்டுரையைத் துணைக்கு அழைக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போக அறிவுள்ள எவரும் விரும்பமாட்டார்கள். நாம் பேச வந்தது வாசிப்பைப் பற்றி. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில். ஒரு பிரதியில் எழுதப்பட்டிருப்பது எது, வாசிப்பவன் கொண்டுவந்து போடுவது எது என்று ஓயாமல் சண்டையிடும் நாம், ஓர் உயிரின் தலைவிதியாக வாசிக்கப்படும் பிரதியைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது முறையாகாது.

முதலில், அந்தப் படம் எதன் படம்?

எக்ஸ்ரே போல நிழல் விழுந்து உண்டாவதில்லை எம்.ஆர்.ஐ. நம் உடம்பில் பெரும்பகுதி நீர், நீரில் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் சிறு காந்தம்போல நடந்துகொள்பவை. பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்கு வலுவான புலத்துக்குள் தலையை வைத்து, வானொலி அலையால் அவற்றைச் சற்றே தட்டிவிட்டால், அவை தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றைத் தருகின்றன. எந்தத் திசுவிலிருந்து எவ்வளவு நேரத்தில் திரும்பின என்பதைக் கணக்கிட்டு எழுப்பப்படுவதே படம். ஆகவே இது நீரின் நடத்தையைப் பற்றிய வரைபடம். புற்று என்று ஒன்று அதற்குத் தெரியாது. புற்றிருக்கும் இடத்தில் நீர் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பது மட்டுமே தெரியும்.

இதன் வரலாறு சுவையானது. எலிகளின் கட்டித் திசுவில் இந்தத் திரும்பும் நேரம் நீள்கிறது என்று ரேமண்ட் டமேடியன் 1971-ல் எழுதினார். காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற யோசனையைப் பால் லாட்டர்பர் 1973-ல் வெளியிட்டார். அவர் எடுத்த படம் இரண்டு சிறு நீர்க்குழாய்களின் படம். ‘நேச்சர்’ இதழ் அக்கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. (கதை திரும்பி வந்த எழுத்தாளர்கள் ஆறுதல் கொள்ளலாம்.) 2003-ல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. போகட்டும்.

மூளைக்கட்டியைப் பொறுத்தவரை படத்தில் நம் கண்ணை முதலில் இழுப்பது வெள்ளையாக ஒளிரும் பகுதி. கையில் ஊசி வழியே செலுத்தும் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்து தேங்குவதால் வருவது அந்த வெண்மை. மருந்து ஏன் அங்கே மட்டும் கசிகிறது? 1885-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, உடலெங்கும் சாயம் ஏறியும் மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் இரத்தக்குழாய்கள் கண்டதையும் உள்ளே விடாதவை. அந்தக் காவல் உடைந்த இடத்தில்தான் கடோலினியம் வெளியேறுகிறது. ஆக, ஒளிர்வது கட்டியன்று, உடைந்த வேலி. கட்டியின் வீரியம் மிக்க பகுதியில் வேலி உடைந்திருப்பது வழக்கம் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. ஆனால் வேலியைச் சீழ்க்கட்டியும் உடைக்கும், காசநோயும் உடைக்கும், நாம் கொடுக்கும் கதிர்வீச்சும் உடைக்கும். வேலியை உடைக்காமலே பரவும் புற்றும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வேலி கொஞ்சம் இறுகி, அதே கட்டி அடுத்த படத்தில் மங்கலாகத் தெரிவதும் உண்டு.

கட்டியின் எல்லையைப் பற்றியும் இப்படித்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் 1928-ல் செய்ததை நினைத்தாலே நமக்கு நடுக்கம் உண்டாகிறது. வலப்பக்க மூளையில் க்ளியோமா வந்து, ஏற்கெனவே இடக்கையும் இடக்காலும் செயலிழந்துவிட்ட நோயாளிகள் சிலருக்கு அவர் அந்த அரை மூளையையே அகற்றினார். அப்படியாவது வேரோடு போகும் என்பது எண்ணம். நோய் மறுபாதியில் தலைகாட்டியது. கட்டி என்று நாம் விரல் வைத்துக் காட்டுமிடத்துக்கு வெகுதொலைவில் அதன் உயிரணுக்கள் முன்பே சென்று சேர்ந்திருந்தன. இன்றைய எம்.ஆர்.ஐ. எவ்வளவு நுட்பமானது என்றாலும், அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர். மனித மூளைப் புறணியில் அந்த அளவுள்ள ஒரு துணுக்கை மின்னணு நுண்ணோக்கியில் முழுதாக வரைந்து 2024-ல் வெளியிட்டார்கள்: ஏறக்குறைய 57,000 உயிரணுக்கள், 15 கோடி நரம்பிணைப்புகள். இத்தனையையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஒற்றைச் சாம்பல்நிறப் புள்ளியாகத் தருகிறது படம். அந்த 57,000-த்துக்குள் பத்து வழிப்போக்கர்கள் புகுந்திருந்தால் படத்துக்குத் தெரியப்போவதில்லை.

இடம் மாறினால் அதே படத்துக்குப் பொருளும் மாறும் என்பதற்கு வேலூரிலேயே சான்று இருக்கிறது. சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கிய காலத்தில், வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் மூளையில் சிறிய வளையம்போல் ஒளிரும் ஒற்றைப் புண் அடிக்கடி தென்பட்டது. காசநோய் மலிந்த நாடு. எனவே காசக்கட்டி என்று கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அத்தகைய புண்களை எடுத்துத் திசுவைப் பரிசோதித்து 1991-ல் எழுதினார்கள்: பெரும்பாலானவை காசமே அல்ல, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்துகொண்டிருக்கும் இடம். (பன்றி இறைச்சி தின்றால்தான் வரும் என்பதில்லை. முட்டை கலந்த நீரும் கழுவாத கையும் போதும். சுத்த சைவருக்கும் வரும்.) அவற்றில் பல தாமாகவே மறைந்துவிடுபவை. வளையமாக ஒளிர்வது என்ற ஒரே அடையாளம் புழுவுக்கும் உண்டு, காசத்துக்கும் உண்டு, சீழுக்கும் உண்டு, மூளைப் புற்றுகளில் கொடியதான க்ளியோபிளாஸ்டோமாவுக்கும் உண்டு. அளவு, வீக்கம், நோயாளியின் வயது, அவர் எந்த ஊரார் என்பவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பிரித்தறிகிறார்கள். பிரிக்க முடியாதபோது எலும்பில் துளையிட்டுத் திசுவை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதுவரை சொன்னது ஒற்றைப் படத்தைப் பற்றி. நம் கவலை அதற்கு அடுத்ததில் இருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது படங்களை வைத்துத்தான் வீடுகளில் நாள் குறிக்கிறார்கள்.

கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று சொல்ல 1990-ல் மெக்டொனால்டு என்ற கனடா மருத்துவரும் கூட்டாளிகளும் விதிகள் வகுத்தார்கள். ஒளிரும் பகுதியின் குறுக்களவையும் நெடுக்களவையும் பெருக்க வேண்டும். அது பாதிக்குப் பாதி குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, கால்பங்கு கூடினால் நோய் வளர்கிறது. எளிமையான கணக்கு. இருபதாண்டுகள் உலகம் இதை வைத்தே ஓடியது. பிறகு 2005-ல் க்ளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துத் தரும் முறை வந்தது. கணக்கு தடுமாறத் தொடங்கியது. கதிர்வீச்சு முடிந்த முதல் மாதப் படத்தில் வெண்மை பெருத்திருக்கும். விதிப்படி நோய் வளர்கிறது, மருந்தை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தாமல் தொடர்ந்தவர்களில் பலருக்கு, மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அது தானாகவே அடங்கியிருந்தது. கதிர்வீச்சில் வெந்த திசு அது. வேலி உடைந்து கசிந்திருக்கிறது, அவ்வளவே.

இத்தாலியைச் சேர்ந்த ஆல்பா பிராண்டெஸ் குழுவினர் 2008-ல் வெளியிட்ட கணக்கைச் சொன்னால் இதன் கனம் விளங்கும். 103 நோயாளிகளில் 50 பேருக்கு முதல் படத்திலேயே கட்டி பெருத்துத் தெரிந்தது. அந்த 50 பேரில் 32 பேருக்கு அது பொய்த்தோற்றம். இன்னும் வியப்பானது, பொய்த்தோற்றம் கண்டவர்கள் சராசரியைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள். மருந்துக்கு நன்கு கட்டுப்படும் மரபணுக் குறி உடையவர்களிடமே அது மிகுதியாக வந்தது. அதாவது, பார்த்தவுடன் வீட்டையே இடிந்துபோக வைக்கும் படம், அவர்களில் பலருக்கு நல்ல செய்தியாக இருந்திருக்கிறது. பிற ஆய்வுகளில் இந்த விகிதம் இவ்வளவு உயரமாக இல்லை. ஆயினும் அரிதான விதிவிலக்கென்று ஒதுக்கக்கூடிய அளவில் எங்குமே இல்லை. 2010-ல் வந்த புதிய விதிகள், கதிர்வீச்சு முடிந்து 12 வாரங்களுக்குள் தெரியும் பெருக்கத்தை, கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாகத் தோன்றினாலோ திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ ஒழிய, நோயின் வளர்ச்சியாகக் கொள்ளக்கூடாது என்று கட்டுப்படுத்தின. 2023-ல் அவ்விதிகளைத் திருத்தியபோது, அறுவைக்குப் பின் எடுத்த படத்துக்குப் பதிலாகக் கதிர்வீச்சுக்குப் பின் எடுத்த படத்தையே ஒப்பீட்டின் தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இந்த விதிகள் புற்றுநோய் மருத்துவர்களுக்குத் தெரியும். உறையைப் பிரித்து அறிக்கையை வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

இதற்கு நேரெதிரான ஏமாற்றும் உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுப்பது. கொடுத்த சில நாள்களிலேயே படத்தில் வெண்மை வடிந்துவிடும். பார்ப்பவர்களுக்குக் கண்ணீரே வரும். அமெரிக்காவில் 2009-ல், மீண்டும் தலைதூக்கிய க்ளியோபிளாஸ்டோமாவுக்கு விரைவு அனுமதி கிடைத்தது. புதிதாக நோய் கண்டவர்களுக்கு முதலிலிருந்தே கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014-ல் வந்தன. அவற்றுள் ஒன்றில், நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமாகக் கூடியிருந்தது. உயிர் வாழ்ந்த இடைநிலைக் காலமோ மருந்து பெற்றவர்களுக்கு 16.8 மாதம், பெறாதவர்களுக்கு 16.7. மற்றதும் இதே கதைதான். மருந்து வேலியை அடைத்திருக்கிறது. வேலிக்குப் பின்னால் நோய் தன் வழியில் போயிருக்கிறது. மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மூளை வீக்கம் குறையும், ஸ்டீராய்டைக் குறைக்கலாம், சிலருக்கு அந்த மாதங்கள் நிம்மதியாகக் கழியும். ஆனால் விலை உயர்ந்த ஊசி ஒன்றுக்காகக் கடன் வாங்கும் குடும்பத்திடம், படம் தெளிவதும் ஆயுள் நீள்வதும் வெவ்வேறு என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். படத்தை மட்டும் விளக்குப்பலகையில் மாட்டிக் காட்டி, “பாருங்கள், எப்படிக் குறைந்திருக்கிறது” என்பது பாதி உண்மை. இந்த விஷயத்தில் பாதி உண்மையின் விலை ஒரு வீட்டுப் பத்திரமாகக்கூட இருக்கலாம்.

இனி அந்தப் ‘பதினைந்து மாத’த்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டு ஆய்விலிருந்துதான். 85 மருத்துவமனைகள், 573 நோயாளிகள். கதிர்வீச்சோடு டெமோசோலமைடும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1. இடைநிலை என்றால் என்ன? நூறு பேரை இறந்த வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம். அவருக்கு முன்னே ஐம்பது பேர், பின்னே ஐம்பது பேர். பின்னே நிற்பவர்களின் வரிசை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. அதே ஆய்வில் இரு மருந்தும் பெற்றவர்களில் இரண்டாண்டு கழித்து 26.5 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். ஐந்தாண்டு கழித்து 9.8 விழுக்காட்டினர். பத்தில் ஒருவர் என்பது ஆறுதலுக்குச் சொல்லும் கதையன்று, எண்ணிப் பார்த்த கணக்கு. பத்தில் ஒன்பது பேர் அதற்குள் போய்விட்டார்கள் என்பதும் அதே கணக்குதான்; அதையும் மறைப்பதற்கில்லை.

இதை நம்மைவிட அழகாக எழுதிவிட்டுப் போனவர் ஸ்டீவன் ஜே கூல்ட். பரிணாம அறிவியலாளர், கட்டுரையாளர். 1982-ல் அவருக்கு வயிற்றுறையில் அரிய புற்று. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தார்: இடைநிலை ஆயுள் எட்டு மாதம். எண்களோடு பழகிய மனிதர் என்பதால் நடுப்புள்ளியை விட்டுவிட்டு, வலப்பக்கம் நீளும் வாலை நோக்கினார். அந்த வாலில் தாம் நிற்க என்னென்ன காரணங்கள் உண்டு என்று கணக்கிட்டார். 1985-ல் அதைக் கட்டுரையாக்கினார். இருபதாண்டுகள் கழித்து 2002-ல், வேறொரு புற்றால் காலமானார். அவர் வாழ்ந்தது மனவுறுதியால் என்று சொல்லும் தன்முன்னேற்றப் பேச்சாளர்களிடமிருந்து அந்தக் கட்டுரையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அது புள்ளியியலை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றிய கட்டுரை.

இப்போது புதிதாக ஒரு குரல் எழுந்திருக்கிறது. மனிதர் பார்க்க முடியாததைக் கணினி பார்த்துவிடும், படத்தைக் கொடுத்தால் ஆயுளைச் சொல்லும் என்பது. இதில் மெய்யான சாதனைகள் உண்டு. கட்டியின் எல்லையை வரைவது, பருமனை அளப்பது போன்ற வேலைகளில் கணினி நிரல்கள் நிபுணர்களுக்கு நிகராக வந்துவிட்டன. 2012 முதல் ஆண்டுதோறும் இதற்கென்றே ‘பிராட்ஸ்’ என்ற போட்டி நடக்கிறது. 71 மருத்துவ நிலையங்கள் தத்தம் நோயாளிகளின் படங்களை வெளியே அனுப்பாமலே ஒரே நிரலைப் பயிற்றுவித்து, 6,314 பேரின் ஸ்கேன்களிலிருந்து கற்கச் செய்த பணி 2022-ல் வெளியானது. நமக்கு வியப்பும் மரியாதையும் உண்டு.

ஆனால் அளப்பது வேறு, ஆரூடம் வேறு. அதே பிராட்ஸ் போட்டியில் சில ஆண்டுகள் ஆயுளைக் கணிக்கும் பிரிவும் இருந்தது. பத்து மாதத்துக்குக் கீழ், பத்து முதல் பதினைந்து, பதினைந்துக்கு மேல் என்று மூன்று கூடைகள். நோயாளியைச் சரியான கூடையில் போட வேண்டும். முதலிடம் பெற்றவையே ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேரைத்தான் சரியாகப் போட்டன. 2021-ல், டெமோசோலமைடுக்குக் கட்டுப்படுமா என்று காட்டும் அந்த மரபணுக் குறியைப் படத்திலிருந்தே சொல்ல முடியுமா என்று பரிசு அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் மோதின. காசைச் சுண்டிச் சொன்னால் 0.5, தவறே இல்லாமல் சொன்னால் 1 என்ற அளவுகோலில், வென்ற அணிக்குக் கிடைத்தது சுமார் 0.62. படத்தில் இல்லாததை எத்தனை பெரிய கணினியாலும் படிக்க முடியாது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை. எல்லாமே இப்படித் தோற்றன என்பதற்கில்லை. மெல்ல வளரும் சில க்ளியோமாக்களில், இருவகைப் படங்களை அருகருகே வைத்தால் தெரியும் முரண் ஒன்று அவற்றின் மரபணு வகையைக் கிட்டத்தட்டத் தப்பாமல் சொல்லிவிடுகிறது என்று 2017-ல் கண்டார்கள். அதைக் கண்டது மனிதக் கண்.

ஆயுளைக் கணிப்பதில் பழைய முறை ஒன்றும் அப்படி மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் 1,578 நோயாளிகளின் விவரங்களை அலசி, எவையெவை ஆயுளோடு தொடர்புடையவை என்று பார்த்தார்கள். முதலில் நின்றது வயது. ஐம்பதுக்கு மேலா கீழா என்பது. பிறகு திசுவின் வகை, நோயாளி தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா, மனம் தெளிவாக இருக்கிறதா, எவ்வளவு அகற்றப்பட்டது ஆகியவை. இவற்றில் பலவற்றை அறிய இருட்டறைக்குள் நோயாளியைத் தள்ள வேண்டியதில்லை. எதிரே உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசினால் தெரியும். அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது கிடைப்பதில்லை. காத்திருப்பு அறையில் எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது மருத்துவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

“அப்படியானால் குடும்பத்துக்கு என்னதான் சொல்வது? ஒன்றுமே தெரியாது என்று கைவிரிக்கவா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நரம்பு அறுவை மருத்துவராகப் பயின்று, நுரையீரல் புற்றால் 2015-ல் தம் 37-ஆம் வயதில் மறைந்த பால் கலாநிதி, இக்கேள்வியின் இருபுறமும் நின்று பார்த்தவர். நோயாளிகளிடம் துல்லியமான எண்ணைச் சொல்வதைத் தவிர்த்து, மாதங்களா, ஓரிரு ஆண்டுகளா என்று ஒரு வரம்பாகச் சொல்வது அவர் பழக்கம். தாமே நோயாளியானபோது அவரும் எண்ணைக் கேட்டார். அவருடைய மருத்துவர் கொடுக்கவில்லை. 2016-ல் வெளிவந்த அவருடைய நூலில், எண் தெரியாமல் அடுத்த ஆண்டை எப்படித் திட்டமிடுவது என்ற தவிப்பு வாசகனையும் விடுவதில்லை. ஆகவே சொல்லாமல் விடுவதும் கொடுமையே. வரம்பாகச் சொல்லலாம்: மோசமாகப் போனால் இவ்வளவு, பெரும்பாலோருக்கு இவ்வளவு, நன்றாகப் போனால் இவ்வளவு என்று. மூன்றையும் ஒரே அமர்வில், வீட்டில் முடிவெடுப்பவர்களையும் நோயாளியையும் சேர்த்து வைத்து. நிலம் விற்பதைப் பற்றிய பேச்சு அதன் பிறகு நடக்கட்டும்.

ஸ்கேனே இல்லாத காலத்திலும் வீடுகள் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் கந்தர், க்ளியோபிளாஸ்டோமா வந்து இறந்த தம் மகனைப் பற்றி 1949-ல் எழுதிய நூலில் அதைக் காணலாம். 1946 ஏப்ரலில் முதல் அறுவை, 1947 ஜூனில் மரணம். பையனுக்கு வயது பதினேழு. மண்டையோட்டைத் திறந்த இடத்தில் புடைத்திருந்த வீக்கம்தான் பெற்றோருக்கு ஸ்கேன். அது இன்று மெத்தென்று இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதை வைத்து அந்த வீட்டின் பகல்கள் விடிந்தன.

கடைசியாக, நம் கைக்குள்ளேயே இருக்கும் ஒரு வேலை: சொற்கள். ஆங்கில அறிக்கையில் நோய் வளர்ந்திருப்பதைக் குறிக்கும் சொல்லை நம் அகராதி வழியே தமிழாக்கினால் ‘முன்னேற்றம்’ என்று வருகிறது. ‘நோயில் முன்னேற்றம் தெரிகிறது’ என்ற வாசகத்தைக் கேட்கும் தாய் சாமிக்கு விளக்கேற்றப் போய்விடுவாள். ‘வளர்ச்சி’ என்பதும் தமிழில் நல்ல சொல். பிள்ளைக்கும் பயிருக்கும் சொல்வது. கலைச்சொல் ஆக்குபவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. மக்களிடம் சொல் இல்லாமலில்லை. கட்டி பெருத்திருக்கிறது, அப்படியே இருக்கிறது, வற்றியிருக்கிறது என்ற மூன்றும் எந்தக் கிழவிக்கும் புரியும். கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதப் படத்துக்கு நான்காவதாக ஒன்று வேண்டும். “பெருத்தாற்போலத் தெரிகிறது, இது கட்டியாகவும் இருக்கலாம், கதிர் பட்ட புண்ணாகவும் இருக்கலாம், இரண்டு மாதம் பொறுத்து இன்னொரு படம் எடுத்து, இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், இந்தப் பழைய ஃபிலிமைத் தொலைத்துவிடாமல் கொண்டுவாருங்கள்” என்று ஒரு மருத்துவர் தமிழில் சொல்ல முப்பது விநாடி ஆகும்.